ஹாஷ் போட்டால் மறைந்துவிடுமா?

2014-இல் நியூயார்க் நகர டாக்ஸி, லிமோசின் ஆணையம், தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்குப் பதிலாக முந்தைய ஆண்டின் டாக்ஸி பயண விவரங்களைத் தந்தது. 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு, எல்லாம் அதில் இருந்தது. வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் மட்டும் எம்டி5 என்ற ஹாஷ் கணக்கில் போட்டு 32 எழுத்துக் குறியாக மாற்றியிருந்தார்கள். இனி ஆள் யாரென்று தெரியாது என்று நம்பினார்கள்.

அந்தத் தரவில் ஓர் ஓட்டுநர் மட்டும் மனிதரால் முடியாத அளவுக்கு வண்டி ஓட்டியிருந்தார். அவருடைய குறி, 0 என்ற ஒற்றை இலக்கத்தின் எம்டி5. எண் பதிவாகாத பயணங்களெல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. இந்தத் துப்பு கிடைத்ததும் விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர் வேலையில் இறங்கினார். நியூயார்க் டாக்ஸி எண்கள் குறிப்பிட்ட சில வடிவங்களில்தான் வரும். எப்படி எழுதினாலும் மொத்தம் ஏறத்தாழ இரண்டு கோடிதான். அத்தனைக்கும் ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிட்டார். உரிம எண்களுக்கும் அப்படியே. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாக் குறிகளும் பழையபடி எண்களாகிவிட்டன. ஹாஷைத் திருப்பிப் போட முடியாது என்பது உண்மைதான். அவருக்குத் திருப்பவே தேவைப்படவில்லை.

ஓட்டுநர் ஒவ்வொருவரின் வருமானத்தையும், அவர் நாள் முழுக்க எங்கெங்கே இருந்தார் என்பதையும் கணக்கிட அது போதும். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சர்வர்கள் எழுதிவைக்கும் பதிவுகளான லாக்கைத் தேடும் கருவிகள் பலவற்றில் இன்று இப்படி ஹாஷ் போடும் வசதி இருக்கிறது. ஸ்பிளங்கில் எம்டி5, ஷா-256 ஆகிய இரண்டு ஹாஷ் முறைகளையும் தேடல் குவரியிலேயே ஒரு ஃபீல்டின் மேல் போடலாம். சுமோ லாஜிக்கில் ஹாஷ் என்றே ஓர் ஆபரேட்டர் உண்டு. நல்ல வசதிதான், சந்தேகமில்லை. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே குறி வருவதால், வாடிக்கையாளரின் மின்னஞ்சலைப் பார்க்காமலே அவருக்கு எந்தெந்த சர்வரில் பிழை வந்தது என்று தொடர்ந்து பார்க்கலாம், எத்தனை பேருக்கு வந்தது என்றும் எண்ணலாம். ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்து சின்ன எழுத்தானாலோ, கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலோ குறி முழுக்க மாறிவிடும். அதையெல்லாம் முதலில் சீர்செய்யாவிட்டால் ஒரே ஆள் இரண்டு பேராக எண்ணப்படுவார்.

சிக்கல், எந்த ஃபீல்டின் மேல் ஹாஷ் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. இந்திய மொபைல் எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதாவது ஓர் இலக்கத்தில் தொடங்கும். ஆக, அதிகபட்சம் 400 கோடி எண்கள். நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு நூறு கோடிக்கும் மேல் ஷா-256 கணக்கிடும். ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் எல்லா எண்களும் முடிந்துவிடும். ஐபிவி4 முகவரிகள் சுமார் 429 கோடி. அவற்றுக்கும் இதே கதிதான். எம்டி5-ஐ விட்டு ஷா-512-க்கு மாறினாலும் இதில் ஒன்றும் மாறாது.

வழி இருக்கிறது. எச்மேக் என்ற முறையில் ரகசியச் சாவி ஒன்றையும் சேர்த்து ஹாஷ் கணக்கிடுவார்கள். 1997-லேயே ஆர்எஃப்சி 2104 ஆக வெளிவந்த பழைய முறைதான். சாவி லாக் சேமிப்பில் இருக்கக் கூடாது, வேறிடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். சாவி இல்லாதவர் 400 கோடி எண்களையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. குவரியில் போடும் ஹாஷ், திரையில் தெரிவதை மட்டும்தான் மறைக்கிறது. அசல் எண் சேமிப்பில் அப்படியே கிடக்கிறது. குவரி எழுதத் தெரிந்தவர் அந்த ஒரு வரியை நீக்கினால் எல்லாம் தெரியும். எனவே லாக் சேமிப்புக்குப் போகும் முன்பே மாற்றிவிட வேண்டும். தேவையே இல்லாத எண் என்றால் எழுதவே வேண்டாம்.

உங்கள் அலுவலக லாக் உங்கள் பொறுப்பில் இருந்தால், இந்த வாரமே மொபைல் எண் ஃபீல்டைத் திறந்து பாருங்கள். சாவி சேர்க்காத ஹாஷ் இருந்தால் அதை அசல் எண்ணாகவே கருதி, அசல் எண்ணுக்குத் தரும் பாதுகாப்பை அதற்கும் தாருங்கள்.