மருந்துச் சீட்டின் கடைசி வரி

பல் வீக்கமோ தொண்டை வலியோ, எதற்குப் போனாலும் மருந்துச் சீட்டில் ஆண்டிபயாட்டிக்குக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. ‘நல்ல பாக்டீரியா’ கேப்சூல், அதாவது புரோபயாட்டிக். குழந்தையென்றால் திருகித் திறக்கும் சிறு பிளாஸ்டிக் குப்பி. மருத்துவர் எழுத மறந்தாலும் மெடிக்கல் ஷாப்காரர் மறப்பதில்லை: “வயிறு கெடாம இருக்கும் சார், சேர்த்துப் போடுங்க.” அமாக்ஸிசிலினையும் லாக்டிக் ஆசிட் பாசில்லஸையும் ஒரே மாத்திரைக்குள் அடைத்தும் விற்கிறார்கள். கொல்ல வந்ததும் குடியேற வந்ததும் ஒரே பல்லக்கில்!

ஆண்டிபயாட்டிக் நல்ல கிருமிகளையும் அழிக்கிறது, உண்மைதான். அழிந்ததைக் கேப்சூல் விழுங்கி நிரப்பிவிடலாம் என்பது எந்தக் கணக்கு? குடலில் பெரும்பான்மையாக வாழ்பவை காற்றுப் பட்டாலே மடிகிற ரகங்கள். அவற்றை அட்டையில் அடைத்துக் கடைக்கு அனுப்புவது எளிதல்ல. அதனால் தொழிற்சாலையில் சுலபமாக வளர்ந்து, மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பவையே நமக்கு விற்கப்படுகின்றன. இழந்தது ஒன்று, வாங்குவது வேறொன்று.

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வில் இதை நேரடியாகச் சோதித்தது. 21 பேருக்கு ஒரு வாரம் சிப்ரோஃப்ளாக்ஸசினும் மெட்ரோனிடசோலும் கொடுத்தார்கள். பிறகு ஒரு குழுவை அப்படியே விட்டார்கள். இன்னொரு குழுவுக்கு 11 வகை பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக். மூன்றாவது குழுவுக்கு, முன்பே சேமித்து வைத்த அவரவர் மலத்தையே குடலுக்குள் செலுத்தினார்கள். தங்கள் மலத்தையே திரும்பப் பெற்றவர்கள் சில நாட்களில் தேறினார்கள். சும்மா விடப்பட்டவர்கள் சில வாரங்களில் தேறினார்கள். புரோபயாட்டிக் விழுங்கியவர்களின் குடலோ மாதங்கள் கடந்தும் பழைய நிலைக்கு வரவில்லை. வறண்ட நிலம் பசுமையாகட்டும் என்று சீமைக் கருவேலத்தை விதைத்தோமே, அந்தக் கதைதான்: பசுமை வந்தது, ஊர்ச்செடிக்கு இடமில்லை.

21 பேர் சிறிய எண்ணிக்கை என்பீர்கள். சரி. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டிபயாட்டிக் எடுத்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 3,000 உள்நோயாளிகளிடம் சோதித்தார்கள். புரோபயாட்டிக் பெற்றவர்களில் 10.8 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு. வெற்று மருந்து பெற்றவர்களில் 10.4. குழந்தைகளுக்குச் சில ரகங்கள் வயிற்றுப்போக்கைக் குறைக்கின்றன என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் பேதி நிற்பது வேறு, குலைந்த குடல் திரும்புவது வேறு.

குடல் கிருமிகளால் வைத்தியமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்று திரும்பத் திரும்பத் தாக்கியவர்களுக்கு ஆம்ஸ்டர்டாமில் ஆரோக்கியமானவர்களின் மலக்கரைசலைக் கொடுத்தபோது, முதல் தடவையிலேயே 16 பேரில் 13 பேர் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வர்தான். அருவருப்பாக இருக்கலாம், ஆனால் அது முழுச் சமூகத்தையும் மாற்றிக் குடியமர்த்துகிறது. நம் ஒடிசாவின் கிராமங்களில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த சோதனையில், ஒரு பாதிக்குத் தேர்ந்தெடுத்த ஒரு லாக்டோபாசில்லஸ் ரகத்தை அதற்கான உணவோடு ஒரு வாரம் கொடுத்ததில், ரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்த விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4க்கு இறங்கியது. அங்கே ரகம் குறிப்பானது, வயது குறிப்பானது, நோய் குறிப்பானது. குடலும் அப்போதுதான் குடியேற்றம் தொடங்கியிருந்த குடல். அந்த வெற்றியின் புகழை, நாற்பது வயதுக்காரரின் பல்வலிச் சீட்டில் இருக்கும் ஏதோவொரு கேப்சூலுக்கு மாற்றி எழுதுவதைத்தான் மோசடி என்கிறேன்.

பணம் வீணாவதுகூடப் பெரிதில்லை. அந்தக் கடைசி வரி, மேல் வரிக்கு வக்காலத்து வாங்குகிறது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆண்டிபயாட்டிக் எதற்கு டாக்டர் என்று கேட்டுப் பாருங்கள். “பயப்படாதீங்க, அதுக்குத்தான் கேப்சூல் சேர்த்து எழுதியிருக்கேன்” என்று பதில் வரும்.