ஆம்பிளை ஊசி

"மச்சான், ஒரு கோர்ஸ் அடிச்சுப் பார். மூண்டு மாசத்தில உடம்பு வேற லெவல்."

ஜிம்முக்குப் போற பெடியள் கனபேர் இதைக் கேட்டிருப்பீங்கள். அடிக்கச் சொல்றது டெஸ்டோஸ்டிரோன் ஊசியை. ஆண் ஹோர்மோன்தானே, போட்டால் ஆண்மை கூடும் எண்டுதான் நாங்களும் நினைக்கிறம். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்தக்கூடியது என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்றதில்லை.

விசயம் இதுதான். வெளியில் இருந்து ஹோர்மோன் வந்ததும் மூளை 'இனிப் போதும்' என்று எடுத்துக்கொள்கிறது. விதைகளை வேலை செய்ய வைக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹோர்மோன்களும் குறைந்துவிடும். விந்தணு உருவாவதற்கு, விதைகளுக்குள்ளேயே சுரக்கிற டெஸ்டோஸ்டிரோன் தேவை. அங்கே அதன் அளவு இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஊசியால் அதை ஈடுசெய்ய ஏலாது.

உலக சுகாதார நிறுவனம் இதே ஹோர்மோனை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே பரிசோதித்தது. 1990இல் வெளிவந்த அந்த ஆய்வில் 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். 157 பேருக்கு விந்தணு பூச்சியமானது. ஜிம்களில் இதைவிடக் கூட அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். கனகாலம் அடித்தவர்களுக்கு இன்னும் இழுபடலாம்.

அந்தக் காலத்தில் வீட்டில் என்ன நடக்கும்? "இன்னும் விசேசம் ஒண்டும் இல்லையோ?" என்ற கேள்வி மனிசியிடம்தான் வரும். விரதம், நேர்த்தி, ஸ்கேன் எல்லாம் அவளுக்கு. இவர் ஊசிக் கதையை வாயே திறக்கமாட்டார். என்னைப் பொறுத்தவரை, ஊசியைவிட மோசம் இந்த மௌனம்தான்.

உண்மையிலேயே ஹோர்மோன் குறைபாடு உள்ளவர்களுக்கு இது தேவையான மருந்துதான். அவர்களும் பிள்ளை வேணுமெண்டால் ஊசி தொடங்க முதலே டொக்டரிடம் சொல்ல வேணும். விந்தணுவைப் பாதிக்காத வேறு மருந்துகள் இருக்கு.

ஏற்கெனவே அடிச்சிருந்தால் வெட்கப்படாமல் டொக்டரிடம் உள்ளதைச் சொல்லு. முதல்ல உன்ர விந்துப் பரிசோதனையைச் செய். மனிசியை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விட்டிட்டு கண்ணாடிக்கு முன்னால கையை மடக்கிக் காட்டுறதில என்ன ஆம்பிளைத்தனம் இருக்கு?