நாலு கம்பிக்காரர்

அடுத்த தடவை கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசைக் கச்சேரி நடந்தால், பந்திக்கு ஓடுவதற்கு முன் ஒரு நிமிஷம் மேடையைப் பாருங்கள். பாடகர்களுக்குப் பின்னால், டிரம்ஸ் பக்கத்தில், நாலு கம்பி கிடாரோடு ஒருவர் நிற்கிறாரா? நின்றால் அது கௌரவமான குழு. ஏனென்றால், பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதல் வெட்டு பேஸ் கிடார்காரருக்குத்தான். 'கீபோர்டுல இடது கையால சமாளிச்சுக்கலாம் சார், யாருக்குத் தெரியப் போகுது?'

சமாளிக்கலாம்தான். அப்போது இடது கை வாசிக்க வேண்டிய கார்டுகளை யார் வாசிப்பது?

யாருக்குத் தெரியுமா? உங்களுக்குத்தான். இளையராஜா பாட்டை முணுமுணுக்கும்போது நடுவே 'டும் டுடும்' என்று வாயாலேயே போடுகிறீர்களே, அதில் பாதி பேஸ் கிடார். அவரிடம் பல வருஷம் அதை வாசித்தவர் சசிதரன். எத்தனை கேசட் அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்தீர்கள்?

பீட்டில்ஸிலும் இதே கதைதான். 1961ல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியதும், பேஸை எடுக்க யாருக்கும் இஷ்டமில்லை. பால் மெக்கார்ட்னி தலையில் கட்டினார்கள். பிறகு நடந்தது சரித்திரம்.

நான் பி.காம். படித்தவன். செலவைக் குறைப்பது எனக்கும் புரியும். ஆனால் அஸ்திவாரத்தில் மிச்சம் பிடித்து மொட்டை மாடியில் சீரியல் லைட் போடுவதற்குப் பெயர் சிக்கனம் அல்ல.

எனவே, கச்சேரி பேசும்போதே கேளுங்கள்: 'பேஸ் கிடார் உண்டா?' கணக்கு இடிக்கிறதா? புகை கக்கும் மெஷினை வெட்டுங்கள். புகையின் சம்பளத்தை எதிர்பார்த்து எந்த வீட்டிலும் யாரும் காத்திருக்கவில்லை.