தெரிந்த முகம் சொன்னால்...

போன மாதம் எதிர்வீட்டு அக்கா செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி வந்தார். கையில் போன். அதில் தெரிந்த செய்தி வாசிப்பாளர், 'சிவகாசி அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து' என்கிறார். அக்காவின் மகள் வேலை பார்ப்பது பட்டாசு ஆலையில்தான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கூப்பிட்டும் பயனில்லை. சாயங்காலம் மகள் வேனிலிருந்து இறங்கிய பிறகுதான் அக்காவுக்கு உயிர் வந்தது.

வீடியோ பொய்யில்லை. பழசு. யாரோ வாட்ஸ்அப்பில் புதுசுபோல் அனுப்பிவிட்டார்கள்.

செய்தி வாசிப்பவர் முகத்துக்கு அப்படியொரு நம்பிக்கை! இதைக் கதைக்குப் பயன்படுத்தியது பி.பி.சி.யின் அறிவியல் புனைகதைத் தொடரான 'டாக்டர் ஹூ'. 1966-ல் வந்த 'தி வார் மெஷின்ஸ்' கதையில், லண்டனில் ஒரு கம்ப்யூட்டர் மனிதர்களை ஆட்டிவைக்கும். அதன் போர் இயந்திரங்கள் தெருவில் இறங்கும். அந்தச் செய்தியை வாசிக்க நடிகரைத் தேடவில்லை. நிஜ வாசிப்பாளர் கென்னத் கெண்டலையே உட்காரவைத்தார்கள். 1955-ல் பி.பி.சி. டி.வி.யில் முதன்முதலில் முகம் காட்டிச் செய்தி வாசித்தவர் அவர். 2010-ல் வானியல் நிகழ்ச்சித் தொகுப்பாளர் பேட்ரிக் மூரும் அதே தொடரில் அவராகவே தலைகாட்டினார்.

ரசிகர்கள் பயந்தார்கள், ரசித்தார்கள். தலைப்பு ஓடுவதால் கதை என்று தெரியும். வாட்ஸ்அப் வீடியோவுக்குத் தலைப்பும் இல்லை, தேதியும் இல்லை.

விருதுநகர் மாவட்டத்தில் விபத்துச் செய்தி நமக்குப் புதிதல்ல. அதனால்தான் சொல்கிறேன்: முகத்தைப் பார்த்து நம்பாதீர்கள். எந்த ஊர், எந்தத் தேதி என்று பாருங்கள். தெரியவில்லையா? உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேன் வரும்வரை வாசலில் நிற்பது ஒரு தாய்.