மாமாவுக்கும் ஒரு வேலை வேண்டும்

"இனிமே எனக்கு என்ன இருக்கு? எமன் வந்து கூப்பிட வேண்டியதுதான் பாக்கி!" திண்ணையில் இப்படிச் சொல்லும் பெரியவர்கள் நம் தஞ்சைப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. "பேசாம ஓய்வெடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு நாமும் அடுப்படிக்குப் போய்விடுகிறோம்.

இளங்காட்டில் 1938-ல் பிறந்த இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வாரைப் பாருங்கள். மீத்தேன் எடுத்தால் டெல்டாவே பாலைவனமாகிவிடும் என்று 75 வயதிலும் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். 2013 டிசம்பர் 30-ல், பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில், அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே உயிர் பிரிந்தது. கடவூர்ப் பக்கத்து வறண்ட பூமியில் அவர் உண்டாக்கிய வானகத்திலேயே அடக்கம் செய்தார்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. பார்க்கத்தான் அவர் இல்லை.

சாவு எல்லோருக்கும் உண்டு சகோதரிகளே. அதுவரை 'நான் வேண்டியவன்' என்ற நினைப்பு இருக்க வேண்டாமா? கொல்லையில் கீரைப் பாத்தியை மாமாவிடம் விடுங்கள். நாற்றங்கால் பக்குவத்தைப் பேரனுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள்.

சாப்பாடும் தூக்கமும் குறைந்து, வாரக்கணக்கில் சாவுப் பேச்சாகவே இருந்தால், "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கும் வைத்தியம் உண்டு.