சும்மா இருந்தால் வரவு! சும்மா இருந்தால் செலவு!

மனிதனை ஒரு காரியம் செய்ய வைப்பது எப்படி? சட்டம் போடலாம். ஆசை காட்டலாம். பயமுறுத்தலாம். இந்த மூன்றும் இல்லாமல் நாலாவது வழி ஒன்று இருக்கிறது. அவனைச் சும்மா இருக்க விடுவதுதான் அது!

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள்.

தொழிலாளி பென்ஷன் நிதியில் சேர்ந்தால் முதலாளியும் பணம் போடுவார் என்று அங்கே சொல்லிப் பார்த்தார்கள். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று பலர் இருந்து விட்டார்கள். 2012-ல், தகுதி உள்ளவர்களில் 100-க்கு 55 பேரே நிதியில் இருந்தனர்.

அந்த ஆண்டு சர்க்கார் ஒரு மாறுதல் செய்தது. 22 வயது நிரம்பி, குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குவோரை முதலாளியே நிதியில் சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்பவர் விலகலாம். ஒரு மாதத்துக்குள் விலகினால், பிடித்த பணமும் திரும்பக் கிடைக்கும். திட்டம் படிப்படியாகப் பரவியது. 2021-ல் 100-க்கு 88 பேர் நிதியில் இருந்தனர்!

யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. முன்பு சேருவதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு விலகுவதற்குத்தான் மெனக்கெட வேண்டும். சேமிப்புக்குக் குறுக்கே நின்ற சோம்பல், சேமிப்புக்குக் காவல் நின்றது.

இத்தகைய தூண்டுதல்களை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தேலருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வியாபாரியின் கையில்

இந்த வித்தை வியாபாரிகளுக்கும் தெரியும். செல்போனில் டிக்கெட் வாங்குகிறீர்கள். இன்சூரன்சுக்குச் சில ரூபாய், தர்மத்துக்குச் சில ரூபாய் என்று கணக்கு ஏறியிருக்கும். 'சம்மதம்' என்ற குறியை அவர்களே போட்டிருப்பார்கள். கவனித்து எடுத்தால் தப்பித்தீர்கள்! "முதல் மாதம் இலவசம்" என்பார்கள். மறுமாதம் சந்தா பிடிப்பார்கள். சேர ஒரு தட்டு. விலகப் பத்துத் தட்டு.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30-ல் இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களுக்குத் தடை விதித்தது. கேளாமல் பொருளைக் கணக்கில் சேர்ப்பதும், சந்தாவிலிருந்து விலகும் வழியை மறைப்பதும் அதில் அடங்கும்.

நல்லதா, கெட்டதா?

நல்ல தூண்டுதலையும் கெட்ட தூண்டுதலையும் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும். சும்மா இருந்தால் யாருக்கு லாபம்? சேர்ந்தது போலவே எளிதாக விலக முடியுமா?

பணம் கட்டும் முன் கணக்கை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். நீங்கள் போடாத குறி இருந்தால் எடுத்து விடுங்கள். ஏமாற்றப்பட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அப்போது மட்டும் சும்மா இருக்காதீர்கள்!