பங்களாவுக்குப் பின்னால் ஒரு தெரு

பணக்காரன் வீட்டு வரலாறு எப்பவும் அவன் வாசல்படியில்தான் ஆரம்பிக்கும். எந்த வருஷம் கட்டினது, எத்தனை அறை, யார் போட்ட பிளான். கல் சுமந்தவன் ராத்திரி எங்கே படுத்தான்னு அந்தப் புத்தகத்தில் இருக்காது. கேட்டால், 'உங்களுக்கு எதை எடுத்தாலும் சாதிதானா' என்பார்கள். சரி தோழர்களே, சாதிங்கிற சொல்லே புழங்காத ஒரு தேசத்தில் போய் அதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

அமெரிக்காவின் தெற்கே, வட கரோலினா மாநிலம், வின்ஸ்டன்-சேலம் நகரம். இது ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற புகையிலை முதலாளியின் ஊர். 1850இல் வர்ஜீனியாவில், அடிமைகளை வைத்துப் புகையிலை பயிரிட்ட பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். 1870களில் இங்கே வந்து மெல்லும் புகையிலை ஆலை போட்டார். 1913இல் கேமல் சிகரெட் வந்தது. அந்த ஒட்டகம் பணமாகக் கொட்டியது.

அவர் மனைவி கேத்தரின் நகரத்துக்கு வெளியே கொஞ்சங் கொஞ்சமாக நிலம் வாங்கினார். ஆயிரம் ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. பண்ணைக்கு ரெனால்டா என்று பெயர். 1917இல் குடிபோன வீட்டில் 64 அறைகள். அதை அவர்கள் 'பங்களா' என்றே அழைத்தார்கள். வங்காளத்துக் கூரை வீட்டின் பெயர் கடல் தாண்டிப் போய் 64 அறை மாளிகைக்கு உட்கார்ந்ததைப் பாருங்கள்! அய்யா அதில் அதிக நாள் வாழவில்லை. 1918இலேயே இறந்துவிட்டார்.

ரெனால்டா வெறும் ஓய்வு மாளிகை அல்ல, மாதிரிப் பண்ணை. பால் பண்ணை, கண்ணாடித் தோட்டம், தபால் ஆபீஸ், தேவாலயம், வேலைக்காரர்களுக்கு அழகான வெள்ளைச் சுவர் வீடுகள். அந்த வீடுகள் வெள்ளைக்காரர்களுக்கு. வயலில் பாடுபட்ட கறுப்பு மக்களுக்குத் தனியாக, எட்ட ஒரு இடம். அதன் பெயர் 'ஃபைவ் ரோ'. பள்ளிக்கூடமும் தனி. அங்கே மின்சாரம் இல்லை, வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லை. இந்த வரைபடத்தை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். ஃபைவ் ரோவில் வளர்ந்தவர்கள் பின்னாளில் அந்தத் தெருவைப் பாசத்தோடுதான் நினைத்தார்கள். தங்கள் பள்ளியைப் பற்றிப் பெருமையாகவே பேசினார்கள். 'எங்க அம்மா நல்லவங்க' என்ற பேச்சும் இருந்திருக்கும். நல்ல முதலாளி என்பது பொய் என்று நாம் சொல்லவில்லை. அந்த நல்லதனமும் தெருவைப் பிரிச்சுத்தான் வச்சிருந்தது என்கிறோம்.

பங்களாவின் பணம் எங்கிருந்து வந்ததோ, அந்த ஆலையில் நிலைமை வேறு. புகையிலைக் காம்பு உரிக்கும் பகுதியில் தூசி, புழுக்கம், ஃபோர்மேனின் அதட்டல். வேலை பெரும்பாலும் கறுப்புப் பெண்களுடையது. 1943 ஜூனில் ஒரு தொழிலாளி வேலைத்தளத்திலேயே விழுந்து செத்தார். பெண்கள் எந்திரத்தை நிறுத்தி அப்படியே உட்கார்ந்தார்கள். தியோடோசியா சிம்ப்சன், வெல்மா ஹாப்கின்ஸ் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். லோக்கல் 22 என்ற சங்கம் அங்கே எழுந்தது. கூலி உயர்வோடு அது நிற்கவில்லை. கறுப்பு மக்களை ஆயிரக்கணக்கில் வாக்காளர்களாகப் பதிய வைத்தது. 1947இல் கென்னத் வில்லியம்ஸ் என்ற கறுப்புப் பாதிரியார் நகரசபைக்கு ஜெயித்தார். உடனே 'கம்யூனிஸ்ட்' என்ற கூச்சல் கிளம்பியது; 1950இல் சங்கம் அங்கீகாரத்தை இழந்தது.

இந்த ஊரில்தான் பிறகு பிளாக் பாந்தர் கட்சிக்குத் தென்மாநிலங்களில் முதல் கிளை அமைந்தது; 1970களில் ஏழைகளுக்கு இலவச ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் அந்தக் கட்சியிடமிருந்துதான் அந்தப் பெயரை எடுத்தார்கள். ரெனால்ட்ஸ் ஊருக்கும் நமக்கும் ஒரு நூல் இருக்கிறது.

பண்ணை என்ன ஆனது? பண்ணை நிலத்தில் ஒரு பகுதி தானமாகப் போய், 1956இல் வேக் ஃபாரஸ்ட் கல்லூரி அங்கே குடிவந்தது. கறுப்பு மாணவருக்கு அங்கே இடம் கிடைக்க 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பங்களா 1967இல் அமெரிக்க ஓவிய மியூசியமாகத் திறந்தது. வீடு பிழைத்தது, தோட்டம் பிழைத்தது, வெள்ளையர் குடியிருந்த கிராமம் பிழைத்துக் கடைகளாக மாறியது. ஃபைவ் ரோவை மட்டும் இடித்துத் தள்ளினார்கள். சைலஸ் கிரீக் பார்க்வே என்ற பெருஞ்சாலை போட இடம் வேண்டியிருந்ததாம்! 2022இல்தான் மியூசியமே, ரெனால்டாவில் கறுப்பு மக்கள் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றித் தனிக் கண்காட்சி வைத்தது. பங்களா திறந்து 55 வருஷம் கழித்து.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் ஏதாவது பங்களா, பண்ணை வீடு, மலைமேல் ஓய்வு மாளிகை இருக்கும். அங்கே சமைத்தவர், மாடு மேய்த்தவர், கக்கூஸ் கழுவியவர் எங்கே குடியிருந்தார்கள், அந்தத் தெரு இப்ப இருக்கா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்கிறபடியே, அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கமானாலும் போடுவோம்.